அம்மா சொல்லாத பெயர்

புதுச் சாக்கின் தையலைப் பிரித்ததும் மேலே எழும்புகிற சீனியின் வாடையில் சணலும் கொஞ்சம் ஈரமும் கலந்திருக்கும். தல்லாகுளத்தில் எங்கள் வளவுக்கு எதிரே இருந்த பாய் கடையில் அந்த வாடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "காப்பிக்குப் போடுறது அரைக் கிலோ" என்று நான் கேட்பேன். பருப்பைப் பருப்பு என்றும் உப்பை உப்பு என்றும் சொல்லி அனுப்புகிற அம்மா, சீனிக்கு மட்டும் இப்படியொரு சுற்றுவழியை வைத்திருந்தார். பாய்க்குக் காரணம் தெரியும். ஒன்றும் கேட்காமல் பொட்டலத்தை மடித்துக் கொடுத்து, "சீனியம்மாவுக்குச் சீனி" என்பார். என் பெயரை முழுதாக யாராவது சொல்லி நான் கேட்பது, பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில், அந்த ஒரு தடவைதான்.

சீனியம்மாள் என்பது என் அப்பாவைப் பெற்றவரின் பெயர். நான் பிறப்பதற்கு முந்தைய வருஷம் அவர் பேரையூரில் இறந்துபோனார். முதல் பெண்பிள்ளைக்குத் தகப்பனைப் பெற்றவள் பெயர் என்பது அப்பா வீட்டு வழக்கம். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் அதே வீட்டு வழக்கம். ஒரு வழக்கத்தின்படி வைத்த பெயரை இன்னொரு வழக்கத்தின்படி கூப்பிட முடியாது என்பதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அப்பாவும் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பெற்ற தாயின் பெயரைச் சொல்லி எப்படி ஏசுவது, எப்படி வேலை ஏவுவது என்று "ஆத்தா" என்பார். அம்மாவுக்கு நான் "பாப்பா". வளவில் இருந்த நாலு குடித்தனங்களிலும் சின்னப் பெண்பிள்ளைகள் எல்லோருமே பாப்பாதான். அம்மாவின் குரல் கேட்டு நான் எட்டிப்பார்க்கையில் மற்ற வீடுகளிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப்பார்க்கும்.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள் டீச்சர் என் பெயரை மூன்று முறை படித்தார். யாரோ வராத பிள்ளை என்று நினைத்து நானும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில், காலிக் குடத்துக்குள் முகத்தைக் கவிழ்த்து என் பெயரை நானே சொல்லிப் பார்க்கிற பழக்கம் வந்தது. குடம் அதைக் கொஞ்சம் கனமான குரலில் திருப்பிச் சொல்லும். கூடப் பிறந்தவர்கள் எனக்கு இல்லை. அப்பா நீதிமன்றத்தில் எழுத்தர். காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். பொழுது சாயும்போது பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று, "ஏ செல்வி, ஏ முருகேசா, உள்ள வாங்க" என்று நீட்டிக் கூப்பிடுவார். பெயர்களைத் தெருவில் விட்டெறிந்தது போல அவ்வளவு அலட்சியமாகக் கூப்பிடுவார். எனக்கு அது பெரிய செல்வமாகத் தெரிந்தது.

எனக்கு எட்டு வயதானபோது, சித்திரை மாதத்தில், தமுக்கம் மைதானத்தில் நடந்த பொருட்காட்சிக்கு அம்மாவும் நானும் போனோம். பிற்பகல் வெயில் இறங்கிய நேரம். ராட்டினத்துக்குப் பக்கத்தில் மிளகாய்ப்பொடி தூவிய பெரிய அப்பளத்தை ஆளுக்குப் பாதியாகத் தின்றுகொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. கார்த்தி என்ற ஐந்து வயதுப் பையனைக் காணவில்லை, பார்த்தவர்கள் மேடைக்குக் கூட்டி வரவும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பையனின் தாயே மைக்கை வாங்கி, "ஏ கார்த்தி, அம்மாடா, இங்க வாடா" என்று அழுதபடி கூப்பிட்டார். மைதானம் முழுக்க அந்தப் பெயர் போனது. கூம்புகள் கட்டியிருந்த ஒவ்வொரு கம்பத்திலிருந்தும் கார்த்தி, கார்த்தி என்று விழுந்தது. அம்மா, "பாவம், பெத்தவ வயிறு என்ன பாடுபடும்" என்று சொல்லி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

எனக்கோ வேறு நினைப்பு ஓடியது. நான் காணாமல் போனால் மைக்கில் என்ன சொல்லுவார்கள்? பாப்பா என்று கூப்பிட்டால் ஆயிரம் பிள்ளைகள் திரும்பும். அம்மா என் பெயரைச் சொல்லித்தான் தீரவேண்டும், அதுவும் இந்த ஊருக்கே கேட்கும்படி.

வளையல் கடையில் அம்மா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கையை உருவிக்கொண்டேன். கூட்டம் என்னை உடனே மூடிக்கொண்டது. பிளாஸ்டிக் குடங்கள் அடுக்கியிருந்த ஒரு கடையின் பின்பக்கம் போய், கட்டுக் கயிறுகளுக்கு நடுவே உட்கார்ந்து, கம்பத்தில் இருந்த கூம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் இல்லை. யாரோ பலகாரம் கொண்டுவரப்போவது போன்ற ஒரு காத்திருப்பு மட்டும்தான். பாட்டு போட்டார்கள். ஒரு சோப்பு விளம்பரம் வந்தது. அதற்குப் பிறகு அறிவிப்பாளரின் குரல் சொன்னது: மலர்க்கொடி என்ற எட்டு வயதுச் சிறுமியைக் காணவில்லை, நீலப் பாவாடை, மஞ்சள் சட்டை.

நான் குனிந்து பார்த்துக்கொண்டேன். என் பாவாடையும் நீலம், சட்டையும் மஞ்சள். என்னைப் போலவே உடுத்திய ஒரு பிள்ளை தொலைந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவளைத் தேடி முடித்த பிறகுதான் என் முறை வரும் என்றும் நினைத்தேன். அறிவிப்பு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் மலர்க்கொடிக்கே வந்தது. அவள் மேல் கோபம் வந்தது.

அப்புறம் மைக்கில் ஒரு பெண்ணின் குரல். "மலரு, ஏ மலரு. அம்மா இங்கன இருக்கேன்த்தா. பயப்படாத. வா."

அது என் அம்மாவின் குரல்.

அந்தக் குரலில் அப்படி ஒரு கொஞ்சலை நான் கேட்டதே இல்லை. கூச்சமில்லாமல், வாய் நிறைய, வெகுநாள் பழகிய பெயரைச் சொல்வது போலச் சொன்னார். அம்மாவுக்கு இன்னொரு மகள் இருக்கிறாள், அவளைத்தான் தேடுகிறார், நான் தொலைந்தது அவருக்கு இன்னும் தெரியவே இல்லை என்று அந்த வயதின் அறிவுக்குத் தோன்றியது. அப்போதுதான் உண்மையிலேயே தொலைந்துபோனேன். சுற்றி அத்தனை ஜனம், அத்தனை வெளிச்சம், ராட்டினத்திலிருந்து கூச்சல். அதற்கு நடுவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கடைக்காரர் பார்த்துவிட்டு மேடைக்குக் கூட்டிப் போனார். அம்மா தலை கலைந்து, சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முதுகில் ஒன்று வைத்துவிட்டு அப்படியே இழுத்து அணைத்தார். "எங்கடி போன மலரு" என்றார். நான் அவர் பிடியிலிருந்து விலகி நின்றேன்.

"நான் மலரு இல்ல. என் பேரச் சொல்லு."

அம்மாவின் உதடு அசைந்தது. அறிவிப்பாளர் பார்த்துக்கொண்டிருந்தார், கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டு, "வா பாப்பா, வீட்டுக்குப் போவம்" என்றார்.

விஷயம் வளவில் பரவி, அப்பா காதுக்கு வந்து, அவர் மூலம் பேரையூருக்கும் போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அப்பாவின் அக்கா, என் அத்தை, பஸ் ஏறி வந்தார். எங்க ஆத்தா பேரு ஊர் நடுவில சொல்லக் கேவலமா இருந்துச்சோ என்று கேட்டார். சொல்லக்கூடாது என்று அம்மாவுக்குச் சொல்லிவைத்தவரும் அவர்தான். சொல்லவில்லை என்று சண்டைக்கு வந்தவரும் அவர்தான். அப்பா இரண்டு பக்கமும் பேசாமல் செய்தித்தாளை மடித்து மடித்து வைத்தார். அன்றைக்கு அத்தை சொன்ன ஒரு பேச்சில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

"பெத்துப்போட்ட பதினஞ்சு நாளும் மலரு மலருன்னு கொஞ்சிக்கிட்டுக் கெடந்தா. பேரு வைக்கிற அன்னிக்கே அத நிப்பாட்டுன்னு சொல்லிட்டுத்தான வந்தேன். எட்டு வருசமா மனசுக்குள்ளயே வச்சிருந்துருக்கா."

அம்மா அடுப்படியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். திருவாதவூரில் தாய்வீட்டில் பிள்ளை பெற்றுக்கிடந்த பதினைந்து நாள் மட்டும் எனக்கு இருந்த பெயர் அது. நான் விலகி நின்று வேண்டாமென்று சொன்னதும் அதைத்தான்.

அன்று சாயங்காலம் எனக்குத் தலை பின்னிவிடும்போது, என்னை மலருன்னே கூப்பிடு என்று சொல்ல நினைத்தேன். பின்னல் முடிகிறவரை நினைத்துக்கொண்டே இருந்தேன். "திரும்பு பாப்பா" என்றார். திரும்பினேன். அதோடு சரி. அந்தப் பெயர் அவர் வாயில் பிறகு வரவே இல்லை. வீட்டுக்குள் யாரோ ஒரு பிள்ளை இருந்து செத்துப்போனது போல, அதைப் பற்றிப் பேசாமல் நாங்கள் இருவரும் அவரவர் மூலையில் இருந்தோம்.

இந்தக் குறைதான் என்னைப் பிற்காலத்தில் பெயர்களைப் பற்றிய படிப்பில் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தேன். ஆய்வுக்காக மதுரையின் பழைய தெருக்களில் வீடு வீடாகப் போய்ப் பெயர் வந்த கதைகளைக் கேட்டேன். பிறந்த குழந்தையின் காதில் முதலில் பாங்கு சொல்லிவிட்டுப் பிறகு பெயரைச் சொல்லுகிற முஸ்லிம் குடும்பத்தில் எனக்கு ஃபிர்னிப் பாயசம் கொடுத்தார்கள். முன் பிறந்தவை தங்காததால் எமனை ஏமாற்ற "குப்பம்மாள்" என்றும் "பிச்சை" என்றும் பெயர் பெற்றவர்கள், ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததால் "போதும்பொண்ணு" ஆனவர்கள் எல்லோரும், தங்கள் பெயரைச் சொல்லிவிட்டு ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்த பிறகே மேலே பேசினார்கள்.

நூலகத்தில் உட்கார்ந்து தூரதேசத்துச் செய்திகளையும் படித்தேன். தென்னாப்பிரிக்காவில் சில இனத்து மருமகள்கள் மாமனாரின் பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயரில் வரும் ஒலி எந்தச் சொல்லில் வந்தாலும் தவிர்த்து, வேறு சொல் போட்டுப் பேசுகிறார்கள். கசாக்குகளின் புல்வெளியில், வந்த மருமகள் கணவன் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவருக்கும் தானே ஒரு பெயர் கண்டுபிடித்து வைத்துக்கொள்கிறாள். படித்த அன்று ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "அங்கயும் காப்பிக்குப் போடுறதுதானா" என்று சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில், பதினைந்து வருஷமாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன். பொருட்காட்சியில் நான் தொலையவில்லை, நானாகத்தான் கையை விட்டேன் என்று.

"தெரியும்" என்றார் அம்மா. "நழுவுற கைக்கும் உருவுற கைக்கும் வித்தியாசம் தெரியாதா? எதுக்கு உருவுனன்னுதான் தெரியல."

உன் வாயால் என் பெயரைக் கேட்கத்தான் என்றேன். அரிவாள்மனை நின்றது. அம்மா, பயந்துகொண்டு சொல்லாமல் இல்லை என்றார். மேடையில் பெயர் கேட்டார்கள், சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன் என்றார்.

"வாயத் தொறந்தா உங்க அப்பத்தா மொகந்தான் வந்துச்சு. உன் மொகம் வரல. எம் பிள்ளையக் காணாத நேரத்துல நான் வேற ஆளயா கூப்பிடுவேன்?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து மீதிக் காயை நரம்பெடுத்துக் கொடுத்தேன். இப்போதாவது கூப்பிடேன் என்று கேட்டிருக்கலாம். எந்தப் பெயரால் என்று முடிவு செய்ய முடியாமல் கேட்காமலே இருந்துவிட்டேன்.

அப்பா போய்ப் பத்து வருஷமாகிறது. அம்மா போய் மூன்று. வளவை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். தமுக்கத்தில் பெரிய அரங்கம் வந்துவிட்டது. இப்போது பிள்ளைகள் கூட்டத்தில் பிரிந்தால் தாய்மார் போனைத்தான் எடுக்கிறார்கள். என் எதிர்வீட்டு மருமகள் கணவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். மாமியார் பெயரைச் சொல்லி, "மாலதி ஆன்ட்டி சாப்பிட்டாங்களா" என்று கேட்கிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வீட்டில் யாரும் குடத்துக்குள் குனிந்து பேசவேண்டியிருக்காது.

நான் தனியாக இருக்கிறேன். வங்கியில் சீனியம்மாள் மேடம் என்கிறார்கள். கூரியர் பையன் கீழே நின்று சீனியம்மாள் என்று நாலு மாடிக்கும் கேட்கக் கத்துகிறான். ஆஸ்பத்திரியில் டோக்கன் எண்ணோடு சேர்த்துப் படிக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் என் பெயரைச் சொல்லுகிறார்கள். அதைச் சொல்ல வாய் வராமல் தயங்கி நிற்க, இந்த ஊரில் இனி ஒருவரும் இல்லை.