மெல்லக் குறையும் விளக்கு

எங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு பாட்டரி இருந்தது. கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்த புதிதில், கழன்று விழுந்த கம்மல் திருகாணியைத் தேடிக் குனிந்தபோதுதான் அதைப் பார்த்தேன். லாரிகளில் இருக்குமே, அப்படியொரு கனத்த கறுப்புப் பெட்டி. அதிலிருந்து இரண்டு ஒயர்கள் சுவரோரமாக ஊர்ந்து போய் ஜன்னல் பலகையில் ஏறின. அங்கே ஒரு மரத்துண்டின்மேல் செம்புக் கம்பிச் சுருளும், வரிவரியாக நிறம் பூசிய சின்ன உருளைகளும், பாக்கு அளவிலான உலோகக் குமிழ்களும் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தன. யாரோ கோக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டுப்போன நகையைப் போல இருந்தது. “இன்னாங்க இது?” என்று என் கணவரிடம் கேட்டேன். “வெளக்கு” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை.

அவருக்குப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மைக்செட் கடை. கல்யாணம், கந்தூரி, திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஒலிபெருக்கியும் விளக்குகளும் அங்கிருந்துதான் போகும். கல்வராயன் மலைக் கிராமங்களுக்கும் போவார். மின்சாரம் எட்டாத ஊர்கள் அன்றைக்கு மலையில் நிறைய இருந்தன. பாட்டரியைச் சுமந்து ஏற்றி, அதில்தான் ட்யூப் லைட் எரியவிட வேண்டும். ஒருமுறை கூத்தின் நடுவே பாட்டரி தீர்ந்து, விளக்கெல்லாம் ஒரே நொடியில் அணைந்துவிட்டது. கூட்டம் அலைமோதியதில் சரிவில் கால் வைத்த ஒரு பெண் பாறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். டோலி கட்டி அவளை மலையிலிருந்து இறக்கியவர்களில் இவரும் ஒருவர். அன்றிலிருந்துதான் இந்தக் கிறுக்கு என்று என் மாமியார் சொன்னார். கிறுக்கு இன்னதென்று அவருக்கும் தெரியவில்லை.

திருக்கோவிலூரில் நான் பிறந்த வீடு எந்நேரமும் சந்தைபோல இரைச்சலாக இருக்கும். பேசாத மனிதர் ஒருவரோடு ஒரே அறையில் இருப்பது எனக்குத் தண்ணீருக்கடியில் இருப்பதைப் போலிருந்தது. மதியம் சாப்பிட வரும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போடுவார். நான் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். வெளிச்சம் சுவர் முழுக்க நிற்கும். பிறகு எப்போது என்று சொல்லமுடியாத ஒரு நேரத்தில் பாலாகும், பால் நீலமாகும். கண் அசந்து விழித்தால், நீலம் சாம்பலாகி அறையில் அரைமனதாகத் தங்கியிருக்கும். அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வெளியே வெயில் கொளுத்தும். எங்கள் அறைக்குள் மட்டும் தினமும் ஒரு சாயங்காலம் வந்துபோனது.

சென்னையில் காப்புரிமை வாங்கித் தரும் ஏஜென்ட் ஒருவரை அவர் கல்யாணத்துக்கு முன்பே போய்ப் பார்த்திருந்தார். மனு கொடுக்கும்வரை இதை வெளியார் எவருக்கும் காட்டக் கூடாது, எப்படி வேலை செய்கிறது என்று விளக்கவும் கூடாது, காட்டிவிட்டால் பிறகு உரிமை கேட்பது கஷ்டம் என்று ஏஜென்ட் எச்சரித்து அனுப்பியிருக்கிறார். இவர் அந்தப் பேச்சை வேதம்போல எடுத்துக்கொண்டு, கட்டிய மனைவியையும் வெளியாரில் சேர்த்துவிட்டார். எனக்கு அது உள்ளூர வலித்தது. ஆனாலும் விளக்கின் மாதிரியைச் சென்னைக்கு எடுத்துப்போகும் நாள் வந்தபோது, “நீயும் வா” என்று அவர் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன். திருக்கோவிலூரில் அம்மா வீட்டில் தங்கி, காலையில் அங்கிருந்து ரயில் பிடிப்பதாக ஏற்பாடு.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் சாலை மறியல்கள் நடந்த காலம் அது. சாலையோரத்து மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு என்றும், சாவு என்றும் சேதிகள் வந்தபடி இருந்தன. அன்று பஸ் ஓடுகிறது என்று யாரோ சொன்னதை நம்பி ஏறினோம். தியாகதுருகம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். “இதுக்கு மேல போவாதுங்க. எறங்கிக்கங்க.” இறங்கிப் பார்த்தால், பெரிய புளியமரம் ஒன்று சாலையை அடைத்துக் கிடந்தது. அது நின்ற இடத்தில் வானம் திடீரென்று பெரிதாகியிருந்தது. வெட்டுப்பட்ட பச்சை வாசனை காற்றெல்லாம் நிறைந்திருந்தது. பின்னால் தியாகதுருகத்துக் கோட்டை மலையின்மேல் சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. மற்றப் பயணிகள் வயல் வரப்பில் இறங்கிச் சிதறிப் போனார்கள். எங்களிடம் விளக்கும் பாட்டரியும் வைத்த பெட்டி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றி வருவதற்குள் சாலையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

“இன்னா பாய், பொட்டில இன்னா?” என்று அவர் தொப்பியைப் பார்த்து ஒருவர் கேட்டார்.

“சாமானுங்க” என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது. உண்மையையும் சொல்லக் கூடாது. ஒரு வாலிபன் மூடியை விலக்கி எட்டிப் பார்த்தான். “டேய், ஒயரு, பாட்டரி எல்லாம் இருக்குதுடா. குண்டுடா இது!” கூட்டம் ஓரடி பின்வாங்கி, உடனே இரண்டு பங்காக நெருங்கியது. பாலத்துக்குக் குண்டு வைக்கிறார்கள் என்று வதந்தி உலவிய நேரம். மரம் வெட்டிய கோடாலி ஒருவர் கையில் அப்படியே இருந்தது. என் கணவரின் சட்டையை யாரோ பிடித்தார்கள். அவர் சட்டையைப் பற்றியவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

அப்போது கூலிவேலை முடிந்து கூட்டத்தோடு நின்றிருந்த ஓர் அம்மா முன்னால் வந்தாள். முந்தானையில் களையெடுத்த புல் ஒட்டியிருந்தது. “பொம்பளப் புள்ளய நிக்க வச்சிக்கினு கத்தறீங்களே! தொறந்து காட்டச் சொல்லுங்க. தெரிஞ்சிடப் போவுது.” பிறகு அவரிடம், “காட்டிடு பாய். காட்டாம போவ முடியாது” என்றாள்.

அவர் தார்ச்சாலையில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தார். என் பழைய புடவையில் சுற்றியிருந்த சின்ன ட்யூபை எடுத்து, விழுந்து கிடந்த புளியமரத்தின் ஒரு கிளையில் கட்டினார். முதல்முறை ஒயர் சரியாகப் பொருந்தவில்லை. “குண்டு வெடிக்கப் போவுதுடா” என்று யாரோ கேலி பேசினார்கள். அடுத்த கணம் விளக்கு எரிந்தது. மங்கத் தொடங்கியிருந்த அந்த வெளியில், இலைகளுக்கிடையிலிருந்து வெள்ளை வெளிச்சம் பரவி எல்லார் முகத்திலும் படிந்தது. சட்டையைப் பிடித்தவன் கையை எடுத்துவிட்டான்.

கோடாலிக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். “இதுல இன்னா விசேசம்? டார்ச் லைட்டும்தான் எரியுது.”

பயம் போன இடத்தில் என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “இது எரியறதுல விசேசம் இல்லைங்க, கொறையறதுல இருக்குது” என்றார். பிறகு நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் பேச ஆரம்பித்தார். “பாட்டரி சோத்துப் பானை மாதிரி. மத்த வெளக்கெல்லாம் பானையில எவ்ளோ இருக்குதுன்னு பாக்காது, வாரி வாரித் தின்னும். கடைசில பானையும் காலி, வெளக்கும் பட்டுனு போயிடும். இதோ, இந்தச் சின்ன சாமான் பானைய எட்டிப் பாத்துக்கினே இருக்கும். சோறு கம்மியாவ ஆவ, அகப்பைய சின்னதாக்கிக்கும். அவ்ளோதான். பானையும் கெடாது, ராத்திரிக்கும் ஒரு வாய் மிஞ்சும்.” சுருளைத் தொட்டுக் காட்டினார். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று விரலால் வழி நடத்தினார். மலையில் விழுந்த பெண்ணைப் பற்றிச் சொன்னார். எத்தனையோ மாதங்களாகக் கட்டிலில் படுத்து நான் பார்த்துக்கொண்டிருந்த அந்த நீலம் இன்னதென்று, முன்பின் அறியாத அத்தனை பேரோடு சேர்ந்து அன்றுதான் எனக்கும் புரிந்தது. நான் அவரை நிச்சயம் செய்த அன்று பார்த்தேன், நிக்காஹ் முடிந்து பார்த்தேன். ஆனால் இவர்தான் என் மனிதர் என்று நெஞ்சு சொன்னது அந்தச் சாலையில்தான்.

“அப்ப கொறையறதக் காட்டு” என்றார்கள்.

“அதுக்கு நேரமாவும்.”

“ஆவட்டுமே. நாங்க எங்க போவப் போறோம்? மறியல்ல குந்திக்கினு இருக்கிறோம்” என்றார் கோடாலிக்காரர். அவர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

உட்கார்ந்தோம். வேர்க்கடலை அவித்த பானை ஒன்று கைமாறி வந்தது. பேச்சு விளக்கிலிருந்து மழைக்கும், மழையிலிருந்து கரும்புக்கும் போனது. “எம் புள்ள பத்தாவது பாசு பண்ணிட்டு மாடு ஓட்டிக்கினு இருக்கான்” என்று கோடாலிக்காரர் யாரையும் பார்க்காமல் சொன்னார். “மரத்த வெட்டறதுக்கு எங்களுக்கு மட்டும் ஆசையா?” வயல்களுக்கு அப்பால் தவளைகள் கத்தத் தொடங்கின. வெளிச்சம் பாலாகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கூலிக்கார அம்மாதான், “ஏ, கொறைஞ்சி போச்சில்ல?” என்று நிமிர்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததில் கண்களும் கூடவே பழகியிருந்தன. எதிரில் இருப்பவரின் முகம் எல்லாருக்கும் தெரிந்தது. நீலமாகி, சாம்பலாகி, நிலா வெளிச்சம்போல மங்குவதற்குள் ஒவ்வொருவரும் தம் செருப்பைத் தேடிக்கொண்டார்கள், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். யாரும் இடறவில்லை. அந்த அம்மா தன் வீட்டில் எங்களுக்குப் பாய் விரித்தாள். காலையில் நடந்தும், கிடைத்த மாட்டுவண்டியில் ஏறியும் திருக்கோவிலூர் போய்ச் சேர்ந்தோம்.

சென்னையில் ஏஜென்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். “யாருக்கும் காட்டலையே?” இவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ஏஜென்ட் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். “ரோட்டோரத்து ஆளுங்க. யாரும் வந்து ஆட்சேபிக்கப் போறதில்லை. இதை இனிமேல் எவர்கிட்டயும் சொல்லாதீங்க. எங்கிட்டயும் நீங்க சொல்லலை.” மனுவைப் பதிவு செய்தார்கள். சில வருஷங்கள் கழித்து, எங்கள் மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலத்தில், காப்புரிமை கிடைத்தது. கச்சிராயபாளையத்தில் மலையடிவாரத்திலேயே ஒரு கொட்டகை போட்டு விளக்குகள் செய்ய வேண்டும் என்று அவருக்குக் கனவு. இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

அதற்குள் வெளியூர்க் கம்பெனி ஒன்று அதே மாதிரி விளக்கைக் கடைகளில் இறக்கிவிட்டது. பிரித்துப் பார்த்தார், அவருடைய வழியேதான். வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, வழக்கும் போட்டோம். பதிலில் கம்பெனி பல கேள்விகள் கேட்டிருந்தது. அவற்றில் ஒன்று, மனுவுக்கு முன் இதைப் பொதுமக்களுக்குக் காட்டி விளக்கியதுண்டா என்பது. “இல்லைன்னு ஒரு வார்த்தை போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார் எங்கள் வக்கீல். இவர் யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு என்னை அழைத்துக்கொண்டு வெளியே வந்தார். கோர்ட்டு வாசலில் டீ குடித்தோம். தம்ளரை உருட்டிக்கொண்டே அவர் சொன்னார். “அந்த சாயங்காலம் நடக்கவே இல்லைன்னு சொல்லச் சொல்றாங்க. நீ இன்னா சொல்ற?”

கொட்டகைக்குப் பார்த்த இடம் என் கண்முன்னால் வந்தது. மகள் வந்தாள். மழைக்கு ஒழுகும் எங்கள் கடை வந்தது. ஆனாலும் அந்தச் சாலையை என் வாயால் அழிக்க முடியவில்லை. எனக்கு இவர் கிடைத்த இடம் அது. “நடந்துச்சுன்னு சொல்லுங்க” என்றேன்.

சொன்னார். காப்புரிமை செல்லாது என்றாகி, வழக்கு அதோடு முடிந்தது. அந்தக் கம்பெனியும் அதைப் பார்த்த வேறு சிலரும் விளக்குகள் செய்தார்கள். கொட்டகை வரவே இல்லை. நடந்ததை நினைத்து அவர் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை; ஆனால் நெடுநாள் ஒயர்களைப் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியைத் தொடவும் இல்லை. கடை உண்டு, மைக்செட் உண்டு என்று இருந்தார். நான் சொன்னது சரிதானா என்று பல மத்தியானங்களில் தனியாகக் கிடந்து யோசித்திருக்கிறேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளி விடுதியின் ஆண்டுவிழாவுக்கு மைக்செட் போனபோது நானும் உடன் போனேன். விழா முடிகிற நேரத்தில் மின்சாரம் நின்றது. விடுதிக் காப்பாளர் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு விளக்கைக் கொண்டுவந்து வைத்தார். கம்பெனி விளக்கு. “புதுசு பாய். சார்ஜ் கம்மியாச்சுன்னா தானா கொறைஞ்சிக்கும். பசங்க சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் தாங்கும்” என்று பெருமையாகச் சொன்னார். “அப்படிங்களா?” என்றார் இவர். கேலியில்லை. நிஜமாகவே முதல்முறை கேட்கிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் சாப்பிட்டுத் தட்டுக் கழுவி முடிக்கும்வரை ஓரத்தில் உட்கார்ந்து அந்த வெளிச்சத்தையே பார்த்தார். மலை மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து அதன் நீலத்தில் கரைந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் மலையிறங்கினோம். இரண்டு மூன்று வளைவுகள் தாண்டியதும் அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

“கடைசில அந்த வெளக்கு லேசா நடுங்குச்சு, கவனிச்சியா? எங்கிட்ட இருந்ததும் அப்படித்தான் நடுங்கும். அத நிறுத்தலாம். இப்பதான் தோணுது.”

நான் கவனித்திருக்கவில்லை. “எப்படிங்க?” என்றேன்.

முன்சீட்டுக் கம்பியில் விரலை வைத்து, பாட்டரியிலிருந்து ஆரம்பித்தார்.