எட்டாவது தட்டு

மோக் காம்-சோய் ஓர் உணவகத்துக்குள் நுழைந்தால், அங்கே பரிமாறுகிற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். உன் பக்கத்து மேசைக்கு அனுப்பு, என் பக்கம் வேண்டாம் என்று கண்ணாலேயே தள்ளிவிடுவார்கள். குன் டோங்கில் எங்கள் குடியிருப்பைச் சுற்றியுள்ள தேநீர்க்கூடம் ஒவ்வொன்றிலும் அவருக்குச் சண்டைக்காரர் என்ற பெயர் இருந்தது.

நான் அவருடைய எதிர்வீட்டுக்காரி. எங்கள் இரண்டு வீட்டுக் கம்பிக் கதவுகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். அவர் வீட்டில் கருவாடு வறுத்தால் என் துணியெல்லாம் மணக்கும். ஆகையால் அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

சிவப்பு மினிபஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். தடித்த கழுத்து, கரகரத்த குரல். வீட்டில் எதையும் குறை சொல்லமாட்டார். கருகிய சோற்றையும் மிச்சம் வைக்காமல் தின்பார். வெளியே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் வேறு மனிதர். கோப்பை விளிம்பில் யாரோ ஒருத்தியின் உதட்டுச்சாயம். சூப்புக் கிண்ணத்துக்குள் பரிமாறுகிறவரின் கட்டைவிரல். நாற்காலியைத் துடைத்த துணியாலேயே மேசையையும் துடைப்பது. வாயில் போட்டதை மெல்வதற்குள் தட்டை இழுத்துக்கொண்டு போவது. "வருது, வருது" என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொல்வது. எல்லாவற்றையும் கவனிப்பார். எல்லாவற்றுக்கும் கத்துவார்.

தேநீர்க் கெண்டி விஷயத்தில்தான் கோபம் உச்சிக்குப் போகும். மூடியைத் திறந்து வைத்தால் வெந்நீர் ஊற்ற ஆள் வரவேண்டும். அவர் திறந்து வைப்பார். யாரும் வரமாட்டார்கள்.

"வாயைப் பொளந்துகிட்டுக் கெடக்கு இந்தக் கெண்டி. ஒருத்தருக்கும் கண்ணு தெரியலையா?"

அவர் மனைவி சுக்-ஹான் கோப்பைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்வாள்.

"மெதுவாப் பேசுங்க. அவளுக்கு ரெண்டு கைதான் இருக்கு."

"கூப்பிட்டா ஏன்னு கேக்கறதுக்குக் கை எதுக்கு?"

"நீங்க பஸ் ஓட்டுறப்போ, 'முன்னாடி எறக்கிவிடுங்க'ன்னு ஜனங்க கத்துவாங்களே. ஒரு நாளாவது திரும்பிப் பாத்து பதில் சொல்லியிருக்கீங்களா?"

"கையைத் தூக்குவேனே."

"அவளும் தூக்குவா. கையில தட்டு இருக்கு."

அவர்களோடு உட்கார்ந்திருக்கும் நான் சிரித்துவிடுவேன். அவரும் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பை மறைக்கக் கெண்டியின் மூடியை ஓங்கித் தட்டுவார்.

சாப்பிட்டு எழும்போது சுக்-ஹான் தட்டுகளை அளவு பார்த்து அடுக்குவாள். சிந்தியதைத் தன் கைக்குட்டையால் துடைப்பாள். வாசல்வரை போனபின் குடையை மறந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே ஓடுவாள். குடை அவள் பைக்குள்தான் இருக்கும். பரிமாறிய பெண்ணின் கையைப் பிடித்து, "மனசுல வெச்சுக்காதம்மா, அவருக்குப் பல்வலி" என்று சொல்லிவிட்டு வருவாள். குன் டோங்கிலேயே தீராத பல்வலி அவருக்குத்தான்.

அவள் அப்படி இருந்ததற்குக் காரணம் உண்டு. இளம் வயதில் அவளும் ஒரு பெரிய தேநீர்க்கூடத்தில் ஆவிப் பலகாரத் தள்ளுவண்டி தள்ளியவள். பகலில் வண்டி, மாலையில் விருந்துகளுக்குத் தட்டு தூக்குவது. காம்-சோய் அங்கேதான் அவளை முதலில் பார்த்தார். இறால் கொழுக்கட்டை ஆறிப்போயிருக்கிறது என்று சண்டைக்குப் போனார். "சூடா வேணும்னா போய் அடுப்பு மேல உக்காரு" என்றாளாம் அவள். மறுநாளும் அவர் அதே மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும்.

"இவளை மாதிரி மோசமாப் பரிமாறினவளை நான் பாத்ததே இல்ல. வேற வழி தெரியல, கட்டிக்கிட்டேன்" என்பார்.

அப்படிச் சிரித்த வீட்டில்தான் அந்த நோய் வந்து உட்கார்ந்தது. சுக்-ஹானின் வயிற்றில் ஒரு கட்டி. திங்கட்கிழமை அறுவை என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அவளுடைய பிறந்தநாள் அந்த வாரக் கடைசியில் வந்தது. பிறந்தநாளை முன்கூட்டிக் கொண்டாடலாம், தள்ளிப்போடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். காம்-சோய் முந்திய சனிக்கிழமைக்கே 'இரட்டை நாரை' உணவகத்தில் ஒரு வட்டமேசைக்குச் சொல்லிவிட்டார். ஆறு மணிப் பந்தி. எட்டு மணிக்கு மேசையைக் காலி செய்துவிட வேண்டும், அடுத்த பந்திக்காரர்கள் வருவார்கள். அந்த நிபந்தனையைக் கேட்டதும் தொலைபேசியிலேயே ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

மகள் யீ-மானும் அவள் கணவனும், நானும் என் வீட்டுக்காரரும், காம்-சோயோடு பஸ் ஓட்டிய இரண்டு கிழவர்களும் வந்திருந்தோம். எட்டுத் தட்டு விருந்து. கடைசித் தட்டு, வெட்டாத நீள நூடுல்ஸ். பிறந்தநாளுக்கு அது இல்லாமல் முடியாது. நீளம் குறையாத இழை, நீளம் குறையாத ஆயுள்.

சுக்-ஹான் சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. எல்லாருக்கும் எடுத்து எடுத்து வைத்தாளே தவிர, தன் கிண்ணத்தில் சூப்பைத்தான் கிளறிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கத்து ஆறு மேசைகளுக்கும் ஃபோங் என்ற ஒருத்திதான். ஐம்பதைத் தாண்டியவள். முழங்காலில் கட்டு. யீ-மான் தன் தொலைபேசியில்தான் எல்லாவற்றையும் வரவழைத்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான். ஆனால் தொலைபேசி தட்டைத் தூக்கிக்கொண்டு வருமா? ஃபோங்தான் தூக்கினாள். இறால் வந்தது. கோழி தாமதமாக வந்தது. கோழிக்குத் தொட்டுக்கொள்ள வரவேண்டிய உப்பு வரவேயில்லை. காம்-சோய் கெண்டி மூடியைத் திறந்து வைத்தார். பிறகு மூடியைக் கழற்றி மேசையிலேயே வைத்தார். பிறகு கரண்டியால் கெண்டியைத் தட்ட ஆரம்பித்தார்.

"சோய் அண்ணே, பக்கத்து மேசைக்குப் பன்றி வறுவல் போகுது, போய்ட்டு வந்துடறேன்" என்று கெஞ்சினாள் ஃபோங்.

"போ. நாங்க அடுத்த புத்தாண்டு வரைக்கும் இருப்போம்."

சுக்-ஹான் கழிவறைக்குப் போய்விட்டு நெடுநேரம் கழித்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. மீன் வந்தது. அது ஏழாவது தட்டு. மீனும் முள்ளானது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

அடுத்த பந்திக்காரர்கள் வந்து எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்தார்கள். ஒருத்தன் என் நாற்காலி முதுகிலேயே தன் மேற்கோட்டைத் தொங்கவிட்டான். மேலாளர் யிப் காதில் கருவியோடு வந்து, "எல்லாம் திருப்திதானே? கணக்கை முடிச்சுடலாமா?" என்றார்.

எங்கள் மேசையில் எல்லாரும் உள்ளுக்குள் தட்டுகளை எண்ணிவிட்டோம். எங்களில் ஏழு தட்டுப் பந்தி ஒன்றுதான் உண்டு. சவத்தை எரித்துவிட்டுத் திரும்பியவர்களுக்குப் போடுவது. நாளை மறுநாள் கத்தியின் கீழ் படுக்கப்போகிறவளை ஏழு தட்டோடு எழுப்பிக்கொண்டு போவதா? பஸ் ஓட்டிய கிழவர்கள் தரையைப் பார்த்தார்கள். யீ-மான் உதட்டைக் கடித்தபடி தொலைபேசியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

காம்-சோய் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து, நின்றவனின் காலில் விழுந்தது.

"நூடுல்ஸ் எங்கே?"

அவர் போட்ட சத்தத்தில் மேசைக்கு மேசை பேச்சு நின்றது. ஃபோங் இரண்டு கையிலும் எச்சில் தட்டுகளோடு வந்து நின்றாள்.

"ஏழு தட்டு வெச்சு எங்களை அனுப்பறியா? யாருக்குக் காரியம் பண்ணிட்டு வந்திருக்கோம் நாங்க? சொல்லு. என் பொண்டாட்டி முகத்தைப் பாத்து சொல்லு."

ஃபோங் வாயைத் திறந்தாள். சுக்-ஹானைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். மேலாளர் யிப் அவளைப் பார்த்த பார்வையில் அவள் வேலைக்கே முடிவு எழுதியிருந்தது.

"அவளைத் திட்டாதீங்க" என்றாள் சுக்-ஹான். தேநீரைப்போல ஆறிய குரல். "நான்தான் வேண்டாம்னு சொன்னேன். கழுவப் போனப்போ சொன்னேன்."

காம்-சோய் அவளையே பார்த்தார்.

"ஏன்?"

"அந்தப் பொண்ணு அங்க சுவத்துல சாஞ்சு முழங்காலைத் தடவிக்கிட்டு நின்னா. இன்னும் ஒரு தட்டுக்கு இத்தனை தூரம் நடக்கணும். எனக்கோ உள்ள எறங்கல. எதுக்கு வீணான்னு சொல்லிட்டேன்."

"எண்ணிக்கை?"

"மறந்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். விருந்துக்கு விருந்து தட்டு தூக்கிய பெண், கல்யாணத்துக்கு எத்தனை, காரியத்துக்கு எத்தனை என்று தூக்கத்திலும் சொல்லக்கூடியவள், மறந்துட்டேன் என்றாள். காம்-சோயின் முகத்திலிருந்து கோபம் வடிந்ததை நான் பார்த்தேன். அந்தக் கோபத்தை இனி வைக்க இடமில்லை. அதன் இடத்தில் வந்ததைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் சமையலறைப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன், யாரையாவது அடித்துவிடுவாரோ என்ற பயத்தில். மேலாளர் குறுக்கே வந்து, அடுத்த பந்திக்கு அடுப்பெல்லாம் நிறைந்துவிட்டது, இப்போது சொன்னால் அரைமணி ஆகும் என்றார். காம்-சோய் அவரை விட்டுவிட்டு ஃபோங்கைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க உணவகங்களில் கத்திய அந்தத் தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

"ஒரு தட்டும்மா. எதுன்னாலும் பரவால்ல. ஒரே ஒரு தட்டு."

ஃபோங் நொண்டிக்கொண்டே உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு தட்டு இருந்தது. சோயா ஊற்றிப் புரட்டிய வெறும் நூடுல்ஸ். வேலைக்காரர்களின் சாப்பாட்டுக்கு மத்தியானமே கிண்டி வைத்தது, அவளுடைய பங்கு. எண்ணெய் உறைந்திருந்தது. ஆவி ஒரு இழைகூட எழவில்லை. ஆனால் அதை இரண்டு கையாலும் ஏந்தி, சுக்-ஹானின் முன்னால் குனிந்து வைத்தாள். கட்டைவிரல் தட்டின் விளிம்பைத் தொடவில்லை.

"நூறு வயசு இருக்கணும், அக்கா."

காம்-சோய் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். நாங்கள் எல்லாரும் அவர் வாயைப் பார்த்தோம்.

"சூடா இருக்கு" என்றார். "சாப்பிடு, சூடா இருக்கு."

சுக்-ஹான் அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு நீள இழையைச் சாப்பாட்டுக் குச்சிகளால் அறுபடாமல் தூக்கினாள். உதடுவரை கொண்டுபோனாள். அந்த இழையை அப்படியே அவருடைய கிண்ணத்தில் இறக்கினாள்.

"நீங்க சாப்பிடுங்க. எனக்குப் பின்னாடி இருக்கப்போறவரு நீங்க."

யீ-மான் எழுந்து வெளியே ஓடினாள். பின்னால் நின்ற அடுத்த பந்திக்காரர்கள் கூட அதற்குப் பிறகு எங்களை அவசரப்படுத்தவில்லை.

அறுவைக்குப் பின் சுக்-ஹான் கண் விழித்தாள், பேசினாள், கஞ்சி குடித்தாள். நாங்கள் எல்லாரும் நம்பினோம். பனிக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள்.

காரியப் பந்தியையும் 'இரட்டை நாரை'யில்தான் வைக்கவேண்டும் என்றார் காம்-சோய். மகள் அழுது பார்த்தாள், கேட்கவில்லை. அன்றைக்குப் போல ஒரு பரிமாறலை நான் எங்கேயும் கண்டதில்லை. மேசை விரிப்பில் ஒரு கறை இல்லை. சூப்பு கொதிக்கக் கொதிக்க வந்தது. கோழியோடு உப்பு வந்தது. கெண்டி மூடியைத் தொடுவதற்கு முன்பே ஃபோங் வெந்நீரோடு நின்றாள். ஏழு தட்டும் வரிசை தவறாமல், நேரம் தவறாமல் வந்து, சொல்லிவைத்தாற்போல நின்றன.

காம்-சோய் ஏழாவது தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தப் பந்தியில் அவரால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நீயே சொல்லு" என்று என் பக்கம் திரும்பினார். "அவ மறந்துட்டாளா, இல்ல தெரிஞ்சேதான் நிறுத்தச் சொன்னாளா?"

"மறந்துதான் இருப்பாங்க, அண்ணே."

"அவளா மறப்பா? எழவு, யாரையாவது திட்டலாம்னா ஒருத்தரைக்கூட எனக்கு மிச்சம் வைக்கல."

அதற்குப் பிறகு அவருடைய குரலை எந்த உணவகமும் கேட்கவில்லை. காலையில் 'இரட்டை நாரை'க்குத் தனியாகப் போவார். முன்பின் தெரியாதவர்களோடு மேசையைப் பங்குபோட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்காருவார். போன வாரம் நானும் போயிருந்தேன். தள்ளி உட்கார்ந்திருந்ததால் அவர் என்னைக் கவனிக்கவில்லை. அவருடைய கெண்டியின் மூடி திறந்து கிடந்தது. ஃபோங் நாலைந்து முறை அந்தப் பக்கமாகப் போனாள், வந்தாள். கூட்டம். அவளுக்குக் கண்ணில் படவில்லை. அவர் கூப்பிடவில்லை. காய்ந்த தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவளாகவே பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"என்ன சோய் அண்ணே, எவ்வளவு நேரமாத் திறந்து வெச்சிருக்கீங்க? ஒரு கத்து கத்தியிருக்கலாம்ல? ஊரே கேக்கற மாதிரி கத்துவீங்களே."

"உன் கையில தட்டு இருந்துது."

ஃபோங் வெந்நீரை ஊற்றினாள். அவர் இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொன்னார். அவள் அங்கேயே கொஞ்சம் நின்றாள்.

"ஏதாவது திட்டுங்க அண்ணே. ஒரு மாதிரியா இருக்கு எனக்கு."

"பல்வலி" என்றார் அவர்.

தேநீரைக் குடித்து முடித்ததும் கோப்பையைக் கிண்ணத்துக்குள்ளும், கிண்ணத்தைத் தட்டின் மேலும் அடுக்கினார். அவருடைய பெரிய கைகளுக்கு அந்த அடுக்கு நேராக நிற்கவில்லை. சரிந்தது. மறுபடி அடுக்கினார். சட்டைப் பையிலிருந்து சுக்-ஹானின் கைக்குட்டையை எடுத்து, எதுவும் சிந்தாத மேசையைத் துடைத்துவிட்டு எழுந்து போனார்.