ஏரிக்கரை சேற்றுக்கு நாலு டயர்

வண்டி என்னுடையது. ஓட்டுவதும் நான். லைசென்ஸில் இருப்பது என் மூஞ்சி. ஆனால் டயர் கடைக்குள் நான் நுழைந்தால், கடைக்காரரின் கண் என் தோளுக்குப் பின்னால் போய் ஆள் தேடும். அன்றைக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். கையில் டீ கிளாஸ். மனுஷனுக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கக்கூடத் தெரியாது.

"வாங்க சார், வாங்க. இன்னா வண்டி சார்? லோடு ஜாஸ்தி ஏத்துவீங்களா?"

கேள்வியெல்லாம் அவருக்கு. எனக்கு ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்றார் கடைக்காரர். வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சேரைத் தூக்கி ஆம்பூர் பைபாஸில் வீசியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இன்று நினைத்தாலும் அந்த வாயை மூடிக்கொண்டதுதான் எரிகிறது.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஷூ கம்பெனி வேலை எல்லாமே கம்பெனிக்குள் நடப்பதில்லை. ஷூவின் மேல்பாகத்துக்கு எங்கள் பக்கம் அப்பர் என்று பெயர். அதைக் கையால் தைக்கிற வேலையைச் சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து செய்கிறார்கள். வெட்டிய தோலை மூட்டையாகக் கட்டி அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், தைத்ததை வாங்கிவந்து கம்பெனியில் சேர்க்க வேண்டும். அதுதான் என் பிக்கப் வண்டியின் வேலை.

மற்ற ஊரெல்லாம் ரோட்டோரம். ஒரே ஒரு ஊர் மட்டும் பேர்ணாம்பட்டு ரோட்டிலிருந்து பிரிந்து, ஏரிக்கரை மேல் ஏறி இறங்கி, களிமண் பாதையில் போய்ச் சேர வேண்டும். வெயில் காலத்தில் புழுதி. மழை வந்தால் சக்கரம் பாதி உள்ளே போகும். அந்த ஊரில்தான் தையல் சுத்தமாக இருக்கும். ஒரு ஜோடிகூடத் திரும்பி வராது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. சேற்றில் நடந்து வருகிற பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். வாசலில் வைத்திருக்கும் பக்கெட்டில் காலையும் கையையும் கழுவித் துடைத்த பிறகுதான் தோலைத் தொடுவார்கள். தோலில் சேறு பட்டால் கறை போகாது, அந்த ஜோடி ரிஜெக்ட். குழந்தை அழுதால்கூடக் காலைக் கழுவிவிட்டுத்தான் தோல் இருக்கிற அறைக்குள் போவார்கள்.

போன வருஷத்து ஐப்பசியில் வண்டி அந்தப் பாதையில் அடிக்கடி மாட்டிக்கொண்டது. கம்பெனி சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இன்னொரு வாட்டி வண்டி மாட்டிக்கிச்சுன்னு போன் பண்ணாதீங்க. அந்த ஊரை கட் பண்ணிட்டு ரோட்டோரமா வேற ஊருக்கு குடுத்துடுவேன்."

"மழை பெஞ்சா நான் இன்னா சார் பண்றது? அவங்க வேலைல குறை ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்."

"வேலைல குறை இல்லம்மா. எனக்கு டயத்துக்கு கன்டெய்னர் போவணும். அவ்ளோதான்."

வேலையில் குறை இல்லையாம், ஆனால் வேலை இல்லையாம். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த ஊரில் மழைக்காலத்தில் வேறு வருமானம் கிடையாது. நிலத்து வேலையும் நின்றுபோகும். இந்தத் தையல்தான் அடுப்பை எரிய வைக்கிறது. அதனால்தான் டயர் மாற்றப் போனேன்.

இப்போது கடைக்கு வருகிறேன். ஆம்பூர்க்காரர்கள் டயரை டயராகப் பார்ப்பதில்லை. செருப்பின் அடிபாகமாகத்தான் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் ஷூவுக்கு அடி ஒட்டுகிற பிரிவில் இருக்கிறார். கேட்க வேண்டுமா! டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அடுக்கி வைத்திருந்ததில் பெரிய பெரிய கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருந்த பட்டன் டயர் ஒன்றைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இத பாருடி, நாங்க ஃபாரினுக்கு அனுப்புற மலை ஏர்ற பூட்ஸ் அடி இதேதான். ஐஸ்லயே நிக்கும்."

"சார் கரெக்டா புடிச்சிட்டாரு," என்றார் கடைக்காரர். "சேத்துக்கு இதான் சார் ராஜா."

பேர்ணாம்பட்டில் எங்கே ஐஸ் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நாளில் நான் எவ்வளவு தூரம் தார் ரோட்டில் ஓட்டுகிறேன், எவ்வளவு தூரம் சேற்றில் ஓட்டுகிறேன் என்றும் கேட்கவில்லை. நாலு சக்கரத்துக்கும் அதையே மாட்டினார்கள். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

சேற்றில் அது ராஜாதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஊர்ச் சேறு கொஞ்ச தூரம். மிச்சமெல்லாம் தார். டயர் மாட்டிய பிறகு வந்த முதல் நல்ல மழையில், கம்பெனிக்குத் திரும்பும்போது, தோல் ஷெட்டுகள் இருக்கிற பக்கம் ரோடு எண்ணெய் தடவின மாதிரி இருந்தது. பச்சைத்தோல் லாரிகளிலிருந்து உப்புத் தண்ணீரும் கொழுப்பும் சொட்டிச் சொட்டி அந்த இடம் எப்போதுமே அப்படித்தான். முன்னால் போன பஸ், நிறுத்தத்தில் நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போனது. பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாக ஒரு பெண் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. பஸ் கிளம்பிப் போன பிறகுதான் கியரைப் போட்டேன்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே போய் நின்றேன். தனியாக. கடைக்காரர் வழக்கம்போல் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"சார் வரலியாம்மா?"

"சாருக்கு வண்டி ஓட்டத் தெரியாது பாய். ஓட்டறது நானு. நேத்து ஒரு பஸ்ஸுக்குள்ள பூந்திருப்பேன், கொழந்தையோட ஒரு பொண்ணைக் கொன்னுட்டு வந்திருப்பேன். டயர் குடுத்தீங்களே, யாரு ஓட்டறாங்க, எங்க ஓட்டறாங்கன்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?"

"சேத்துக்குன்னு தானம்மா சொன்னாங்க..."

"யாரு சொன்னாங்க? என் வாயில இருந்து வந்துச்சா?"

பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகவே கேட்டேன். பாய்க்கு முகம் செத்துப்போனது. எனக்கு ஒரு சேரைப் போட்டு, எதிரே இன்னொன்றை இழுத்துத் தானும் உட்கார்ந்தார். "சரிம்மா, தப்புதான். இப்போ நீங்களே சொல்லுங்க" என்றார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

சொன்னேன். தார் ரோடு ஜாஸ்தி, சேறு கம்மி. ஆனால் அந்தக் கம்மியில் மாட்டிக்கொண்டால் ஒரு ஊர் பிழைப்பு போய்விடும். தார் ரோட்டில் வழுக்கினால் உயிர் போய்விடும். லோடு கனமில்லை, தோல் மூட்டைதான். போகும்போது ஈரம், வரும்போதும் ஈரம்.

அவர் உள்ளே போய் வேறொரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். எல்லா ரோட்டுக்கும் ஆகிற ஆல் டெரைன் டயர். இதிலும் கட்டைகள் இருந்தன, ஆனால் அவ்வளவு பெரிதாக இல்லை, நெருக்கமாக இருந்தன. ஒவ்வொரு கட்டையின் மேலும் பிளேடால் கீறியது போல மெல்லிய வெட்டுகள். நகத்தால் அழுத்தினேன். ரப்பர் லேசாக இறங்கி மேலே வந்தது.

"பெரிய கட்டை சேத்தைக் கடிக்கும்மா. ஆனா ஈர தார்ல ரப்பர் தொடற எடம் கம்மி, புடிக்காது. இதுல இந்த வெட்டு இருக்கு பாருங்க, அதான் தண்ணியைத் தள்ளி ரோட்டைப் புடிக்கும்," என்றார் பாய்.

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. ஹோட்டல் சமையல்கட்டில் வேலை செய்கிறவர்களுக்கென்று வீட்டுக்காரரின் கம்பெனியில் ஒரு ஷூ போடுகிறார்கள். ஈரத் தரையில் வழுக்காது. அதன் அடியிலும் இதே மெல்லிய வெட்டுதான். தினமும் அதைக் கையால் ஒட்டுகிற மனுஷனுக்கு, கடையில் நிற்கும்போது மலை ஏறுகிற பூட்ஸ் மட்டும்தான் ஞாபகம் வந்திருக்கிறது! தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன்," என்றார் பாய். "களிமண்ணுல அந்தப் பழசு மாதிரி இழுக்காது. உள்ள போறதுக்கு முன்னாடி காத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கோங்க, தார்ல ஏறினதும் திரும்பப் புடிச்சிடுங்க. மெதுவா போங்க. ஆனா நடுவுல மட்டும் நிறுத்தாதீங்க. நிறுத்தினீங்கன்னா பேஜார்."

பழைய நாலையும் திருப்பி எடுத்துக்கொண்டு எவ்வளவு கழித்தார் என்று கேட்காதீர்கள். சொன்னால் பிபி ஏறும். வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அடி கொஞ்சம் சப்பையா இருக்கே" என்றார். நான் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார்.

அந்த மழைக்காலம் முழுக்க வண்டி தானாக ஒரு தடவைகூட மாட்டவில்லை. காற்றைக் குறைப்பேன், இரண்டாவது கியரில் நிறுத்தாமல் போவேன், திரும்பி வந்து பம்ப்பால் காற்றடிப்பேன். ஊர்ப் பெண்களின் தையலை வீடு வீடாகச் சேகரித்துக் கொடுக்கிற அக்கா ஒருத்தி உண்டு. என் ஹாரன் கேட்டதும், "வந்துட்டாடி நம்ம மவராசி!" என்று கத்துவாள். சூப்பர்வைசர் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அது கிடக்கட்டும். ஊரைக் கட் பண்ணுகிற பேச்சை நிறுத்தினார், அது போதும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காகக் கிராமசபையில் ரோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் பாதையைப் பார்த்துவிட்டுப் போக ஓர் அதிகாரி வந்தார். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அவருடைய டிரைவர் ஏரிக்கரையிலேயே ஜீப்பை நிறுத்திவிட்டார், இதற்குமேல் இறக்க மாட்டேன் என்று. பாதையைக் காட்டுவதற்காக அக்காவும் நாலைந்து பெண்களும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றிருந்தார்கள். நான் தோல் மூட்டைகளோடு அங்கே போய்ச் சேர்ந்தேன்.

"உள்ள தானம்மா போறீங்க?" என்று கேட்டுவிட்டு, அதிகாரி பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். கறுப்பு ஷூ. முன்பக்கம் கைத்தையல். என் தொழில் அது, கண் அங்கேதான் போகும். பெண்கள் வண்டிக்கு முன்னால் முழங்கால் சேற்றில் நடந்தார்கள். நான் பின்னால் மெதுவாக ஓட்டினேன். வண்டி ஆடி ஆடிப் போனது. அவர் போனை எடுத்து மேலதிகாரி யாருக்கோ பேசினார்.

"பாத்துட்டேன் சார். வண்டி நல்லாதான் போவுது. நானே வண்டிலதான் போய்ட்டிருக்கேன். அர்ஜென்ட்லாம் இல்ல சார், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. ஓடி ஓடித் தேடி, சண்டை போட்டு, பார்த்துப் பார்த்துப் போட்ட டயர். அதுவே அந்த ஊருக்கு ரோடு வேண்டாம் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது! நடுவில் நிறுத்தாதே என்று பாய் சொன்னது காதில் கேட்டது. கேட்டும் பிரேக்கை மிதித்தேன்.

"எறங்குங்க சார்."

"இங்கியாம்மா?"

"இங்கதான். டயரு வண்டிக்குத்தான் சார் போட்டிருக்கேன். முன்னாடி போறாங்களே, அவங்க காலுக்கு எவனும் போடல. ரோடு அவங்க கேட்டாங்க. அவங்களோட நடந்து பாத்துட்டு போன் பண்ணுங்க."

என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு இறங்கினார். இரண்டாவது அடியில் சேறு அவருடைய ஷூவைப் பிடித்துக்கொண்டது. கால் மட்டும் வெளியே வந்தது. ஒற்றைக்காலில் நின்று தள்ளாடினார். அக்காதான் குனிந்து கையை விட்டு ஷூவை இழுத்து எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்து, முந்தானையால் முன்பக்கத் தையலைத் துடைத்தாள். அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"மொதல்ல ஊட்டாண்ட வந்து காலைக் கழுவுங்க சார். அப்பால போட்டுக்கலாம். தோல்ல சேறு பட்டா பூடும்," என்றாள். அவள் குறும்பாகச் சொல்லவில்லை, வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னாள்.

ஊர் வரைக்கும் அவர் வெறுங்காலோடு நடந்தார். பாய் சொன்ன மாதிரியே வண்டி புதைந்திருந்தது. பெண்கள் எல்லோரும் வந்து தள்ளி எடுத்தார்கள். தைத்த மூட்டைகள் நேரத்துக்குக் கம்பெனி போய்ச் சேர்ந்தன.

ரோடு வந்தது என்றா நினைக்கிறீர்கள்? ஜல்லி வந்தது. லாரியில் கொண்டுவந்து கொட்டி, பாதை முழுக்க இறைத்துவிட்டுப் போனார்கள். மேலே மண்ணும் இல்லை, ரோலரும் இல்லை, தாரும் இல்லை. கத்தி மாதிரி கல். என் டயரின் பக்கவாட்டில் கீறல் விழ ஆரம்பித்துவிட்டது. சேறு காலைப் பிடித்துக்கொண்டிருந்தது, இது கிழிக்கிறது. தேய்ந்த ரப்பர் செருப்பைத் தாண்டிக் குத்துகிறது. அக்கா இப்போது தோலைத் தொடும்முன் காலைக் கழுவுவதோடு சேர்த்து ரத்தத்தையும் துடைக்க வேண்டியிருக்கிறது.

அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"அதான் ஜல்லி கொட்டியாச்சேம்மா. வண்டி போவுதில்ல?"

"வண்டி போவுது சார். நீங்க வாங்க. ஏரிக்கரை மேல ஷூவைக் கழட்டி என் கையில குடுத்துட்டு, ஊரு வரைக்கும் நடங்க. கைத்தையல் ஷூ சார், நான் பத்திரமா பாத்துக்கறேன்."