நேர்முகத் தேர்வுக்கு ஒரு வெள்ளை வேட்டி

புது பேன்ட்டின் இடுப்பில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை அப்பா கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பாதி கிழிந்து வந்தது, மீதி வருவதாக இல்லை. பக்கத்தில் கட்டிலின் மேல் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் மடிப்புக் கலையாமல் இருந்தன. மணி எட்டு ஆகியிருந்தது. பத்து மணிக்கு அவர் பெருமாநல்லூர் ரோட்டில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குப் போய் நிற்க வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு அதுதான் முதல் நேர்முகத் தேர்வு.

அதுவரை வேலை கேட்டு அப்பாவிடம்தான் ஆட்கள் வந்தார்கள். முப்பது மிசின் போட்ட சின்ன பனியன் கம்பெனி எங்களுடையது. பெரிய கம்பெனிகள் வெட்டித் தரும் துணியை வாங்கித் தைத்துக் கொடுப்போம். ஆர்டர் குறைந்து குறைந்து ஒரு கட்டத்தில் நின்றே போனது. மிசின்களை விற்றுவிட்டோம். தரையில் மிசின் கால்கள் அழுந்தியிருந்த தடமும், வாசலில் பெயர்ப் பலகையும்தான் மிச்சம். பலகையைக் கழற்ற அப்பாவுக்கு மனசு வரவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன பெரிய குழப்பம் என்று தோன்றலாம். நேர்முகத் தேர்வென்றால் பேன்ட், சட்டை, சட்டையை உள்ளே விட்டு ஒரு பெல்ட், அவ்வளவுதானே என்பார்கள். திருப்பூரில் அப்படி இல்லை. இங்கே சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க நடப்பவர் சம்பளத்துக்கு இருப்பவர். வெள்ளையும் சொள்ளையுமாக வேட்டியில் வருபவர் முதலாளி. அதைவிடப் பெரிய முதலாளியாக இருந்தால் சாயம் போன டீ சர்ட்டில் ரப்பர் செருப்போடு வருவார், அவரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இருபது வருடமாக வேட்டி கட்டிய மனிதர் ஒரு நாள் காலையில் இன் பண்ணிக்கொண்டு தெருவில் இறங்கினால், டீக்கடையில் இருப்பவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வேலை கிடைத்தே ஆக வேண்டியிருந்தது. கிடைக்காவிட்டால் வெள்ளகோவிலில் என் தாய்மாமனின் எண்ணெய் மில்லுக்குப் போய் மேற்பார்வை பார்க்க வேண்டும். மாமன் நல்லவர்தான். "மச்சான் சும்மா வந்து உக்காந்திருந்தாப் போதும்" என்று அம்மாவிடம் போனில் சொல்லியிருந்தார். அந்தச் "சும்மா" அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. பெண் எடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு எங்கள் பக்கம் என்ன பெயர் என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

எதை உடுத்துவது என்று அப்பா என்னிடம் யோசனை கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் அப்போது வேறொரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலை கேட்டுப் போன் செய்கிறவர்களிடம் "இன் பண்ணிட்டு, ஷூ போட்டுட்டு வாங்க" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுவேன். அப்பா விண்ணப்பித்திருந்த புரொடக்ஷன் மேனேஜர் வேலைக்கு வருகிறவர் எப்படி வர வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அப்பா அதை நம்பித்தான் கேட்டார்.

பேன்ட்டை மாட்டி, சட்டையை உள்ளே விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெல்ட்டை இறுக்கினார். கண்ணாடியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"எப்படி கண்ணு இருக்குது? நீ தெனமும் பாக்கறவ, சொல்லு."

நன்றாகத்தான் இருந்தார். கொஞ்சம் இளைத்தாற்போல, படித்தவர்போல இருந்தார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குளத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த ஜாதகத்தோடு இணைத்த தாளில் "தந்தை: பனியன் கம்பெனி உரிமையாளர்" என்று நானே டைப் செய்திருந்தேன். இந்தக் கோலத்தில் இவரை யாராவது பார்த்து அவர்கள் காதில் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மாமன் மில் தோன்றவில்லை. அப்பா சாப்பிடாமல் இருந்தது தோன்றவில்லை. இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

"வேட்டியே கட்டிக்கோங்கப்பா," என்றேன். "இருவது வருசம் கம்பெனி நடத்துனவரு நீங்க. அந்த மரியாதையோட போனாத்தான் அவிங்களும் மதிப்பாங்க."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "வேலை கேட்டுப் போறவரு வேட்டீலயா போறது? ஏங்கண்ணு, நீ உன்ற ஆபீஸ்ல அப்பிடியா சொல்லுவ?"

"மேனேஜர் வேலைக்கெல்லாம் அப்படிப் போலாம்மா. உங்களுக்குத் தெரியாது."

அப்பா என்னை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பெல்ட்டைக் கழற்றினார்.

அன்று நடந்ததை அவர் அன்று சொல்லவில்லை. மாலையில் வந்து, "கூட்டமா இருந்துது. நாளைக்கும் இன்டர்வியூ இருக்குதாம், நாளைக்குப் போறேன்" என்றார். விளம்பரத்தில் இரண்டு நாள் என்றுதான் போட்டிருந்தது, அதனால் நான் சந்தேகப்படவில்லை. மறுநாள் காலையில் அவரே அந்த பேன்ட்டை எடுத்து மாட்டினார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் மொபெட் சத்தம் தெருமுனையைத் தாண்டிவிட்டது. இரண்டு நாள் கதையையும் அன்று மாலையில்தான் சேர்த்துச் சொன்னார்.

முதல் நாள் மொபெட்டில் அவர் போய் நின்றதுமே வாட்ச்மேன் பெரிய கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறார். வேலைக்கு வந்தவர்களெல்லாம் பக்கத்துச் சின்ன கேட்டில் வரிசையாக நின்று நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு நோட்டை யாரும் நீட்டவில்லை. "வணக்கமுங்க, வண்டிய அந்த நெழல்ல விட்டுக்கோங்க" என்று வாட்ச்மேன் கார்களுக்குப் பக்கத்தில் இடம் காட்டியிருக்கிறார். உள்ளே வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்றது. என்ன விஷயம் என்று கேட்கவே இல்லை. "எம்.டி. இப்ப வந்துருவாருங்க, உக்காருங்க" என்று சோபாவைக் காட்டி, காபி வரவழைத்துவிட்டது. எதிரே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பையன்களும் நடுவயதுக்காரர்களும் இன் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். அப்பா தன் விண்ணப்பக் கவரை மடியிலிருந்த செய்தித்தாளுக்குள் செருகிவிட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காபி கையில் இருந்ததால் வாய் வரவில்லை என்று சொன்னார்.

எம்.டி. வந்தார். அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர், டிராக் பேன்ட்டும் பனியனுமாக மிசின் பக்கத்திலிருந்து வந்திருக்கிறார். வெள்ளை வேட்டியைப் பார்த்ததும் கை கூப்பியிருக்கிறார்.

"வாங்க, வாங்க. எந்த யூனிட்டுங்க?"

அப்பா எங்கள் கம்பெனிப் பெயரைச் சொன்னார்.

"பேரு கேட்ட மாதிரி இருக்குதுங்க. எத்தனை மிசின் ஓடுதுங்க?"

"முப்பதுங்க."

"நல்லதாப் போச்சுங்க. கொழந்தைங்க துணி ஆர்டர் ஒண்ணு அவசரமாக் கெடக்குது. எடுத்துத் தெச்சுக் குடுக்கறீங்களா?"

ஒன்றரை வருடமாக அப்பா எந்த வார்த்தைக்காகக் காத்துக் கிடந்தாரோ அதே வார்த்தை. தைப்பதற்கு ஒரு மிசின்கூட இல்லாதபோது வந்து நின்றது. "ஊட்டுல கலந்துட்டுச் சொல்றனுங்க" என்று எழுந்திருக்கிறார். எம்.டி. கேட் வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பினார். அதற்குப் பிறகு அப்பா வீட்டுக்கு வரவில்லை. பூண்டியில் கல் சிற்பம் செதுக்கும் பட்டறை ஒன்றின் முன்னால் மொபெட்டை நிறுத்திவிட்டு, உளிச் சத்தத்தைக் கேட்டபடி மத்தியானம் முழுக்க நின்றிருக்கிறார்.

இரண்டாம் நாள் அதே வாட்ச்மேன். "இன்டர்வியூவா? வண்டிய வெளிய விட்டுட்டு, சின்ன கேட்டுல போய்க் கையெழுத்துப் போடு" என்றாராம். முந்தின நாள் தான் வணக்கம் வைத்த முகம் இதுதான் என்று அவருக்குத் தெரியவில்லை. முகத்தை எங்கே பார்த்தார், பாவம். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். அந்த மூன்று மணி நேரமும், உள்ளே எம்.டி. இருக்கக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டே இருந்தாராம்.

எம்.டி. இருந்தார். நடு நாற்காலியில், அதே பனியனோடு. விண்ணப்பத்தைப் படித்தார், நிமிர்ந்தார், மறுபடியும் படித்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"நேத்து முப்பது மிசின் ஓடுதுன்னு சொன்னீங்களேங்க?"

"பொய் சொன்னனுங்க. மிசினெல்லாம் வித்தாச்சுங்க. வேலைக்குத்தானுங்க வந்தேன்."

"அட, நேத்தே இதைச் சொல்லியிருக்கலாமேங்க."

"நேத்து வேட்டி கட்டியிருந்தனுங்க."

எம்.டி. சிரிக்கவில்லை என்றார் அப்பா. மேசையில் கிடந்த ஒரு குழந்தைச் சட்டையைத் தள்ளி, இது நேரத்துக்குப் போக வேண்டுமென்றால் தையல் வேலையை எந்த வரிசையில் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பீர்கள் என்று கேட்டாராம். அப்பா கால் மணி நேரம் பேசினார். "திங்கக்கெழம வந்துருங்க" என்று அனுப்பிவைத்தார்கள்.

இதையெல்லாம் அப்பா பெல்ட்டைக்கூடக் கழற்றாமல், எதிரே நின்று நடித்துக் காட்டினார். வாட்ச்மேன் "போடு" என்றதை அதே குரலில் சொன்னபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். வெள்ளகோவிலுக்குப் போன் போட்டு, மச்சான் வர மாட்டார் என்று மாமனிடம் சொல்ல எழுந்து போனார். நான் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தால், அன்றே அழுதிருக்கலாம்.

அப்பா இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறார். காலையில் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு அதே டீக்கடையைத் தாண்டித்தான் போகிறார். மடத்துக்குளத்துக்காரர்களுக்கு எங்கள் கம்பெனி மூடிய விஷயம் ஜாதகம் கேட்பதற்கு முன்பே தெரியும் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "உங்க ஊருல ஒரு கம்பெனி நின்னா எங்க ஊரு வரைக்கும் தெரியாதா?" என்றார். அந்த வேட்டியை நம்பியவர்கள், எவர் நம்பக் கூடாதோ அந்தக் கம்பெனிக்காரர்கள் மட்டும்தான்.

கதை சொன்ன அன்று மாலை, அம்மா போனோடு வெளியே போனதும் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வர்றன்னைக்கு வேட்டியே கட்டிக்கறேன் கண்ணு. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத."

முந்தின நாள் காலையில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த ஒரு நிமிடத்திலேயே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் வேட்டியைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்.