பட்டாணிக்கு அடித்த மருந்து

போன கார்த்திகையில், மண்ணரையில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டின் பொது மொட்டை மாடியில் பட்டாணி போட்டேன். வெயில் தாழ்ந்திருக்கும் இரண்டு மூன்று மாதம்தான் எங்கள் பக்கம் அது பிழைக்கும் என்று உடுமலைப்பேட்டை விதைக்கடைக்காரர் சொல்லியிருந்தார். விதையை ஓர் இரவு ஊறவைத்து, ஈரமான பனியன் துணியில் முடிந்து, அடுப்படி மூலையில் வைத்தேன். மூன்றாம் நாள் வெள்ளையாக முளை நீட்டியது.

"மாடி மேல ஊட்டியக் கொண்டாந்து வெக்கப் போறயாக்கும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

முதல் தடவை நட்டதை எலி தோண்டித் தின்றுவிட்டது. மண் நிரப்பிய பைகளில் குழி மட்டும் இருந்தது. இரண்டாம் தடவை நட்டதும் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து மேலே கல் வைத்தேன். நாலு இலை வந்த பிறகே கூடையை எடுத்தேன். வெட்டிப்போட்ட பனியன் துணியின் ஓரத்தை இழுத்துவிட்டால் கயிறு மாதிரி சுருண்டுகொள்ளும். அதைத் துணி காயப்போடும் கம்பியில் கட்டிவிட்டேன். கொடி அதைப் பற்றிக்கொண்டு ஏறியது.

முழங்கால் உயரம் வந்திருந்தபோது ஒரு நாள் காலையில் கொழுந்துகளைக் காணவில்லை. புழு என்றால் இலையில் ஓட்டை இருக்கும், எச்சம் கிடக்கும். இது கத்தரியால் நறுக்கியது போல இருந்தது. எலிதான் என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அப்படியே. சின்ன வயதிலிருந்தே எலி என்றால் எனக்கு உடம்பு நடுங்கும். மாடிக்கு வந்த எலி படி இறங்கி வீட்டுக்குள் வர எவ்வளவு நேரமாகும்?

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். துணியில் எண்ணெய்க் கறை இருந்தால் ஒரு மருந்தைப் பீய்ச்சி எடுப்போம். அதன் நெடிக்கு எங்கள் டேபிளில் ஈகூட உட்காராது. பக்கத்து டேபிள் அக்கா அதை மூட்டைப்பூச்சிக்கு அடித்ததாகச் சொல்வார். "பூச்சி மட்டுமில்லீங்க, எங்க மாமியாருகூட ரெண்டு நாளைக்குக் கிட்ட வர்ல." எல்லோரும் சிரித்தோம். சனிக்கிழமை, அடியில் கொஞ்சம் மருந்து மிஞ்சியிருந்த பாட்டில் ஒன்றை யாரிடமும் சொல்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். காய் பிடிக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும், அதற்குள் நெடி போய்விடும் என்று நினைத்தேன். இலையை யார் தின்னப் போகிறார்கள்? சாயங்காலம் கொழுந்துகள்மேல் நன்றாக அடித்தேன்.

மறுநாள் காலையில் தண்ணீர் பிடிக்கக் குழாய்க்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பெண் அங்கே குந்தியிருந்தாள். வடக்கேயிருந்து வந்த ஜோடி அவர்கள். அவன் ஒரு பனியன் கம்பெனிக்கு அயர்ன் வேலைக்குப் போகிறான், தமிழ் நன்றாகவே பேசுவான். அவளுக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. ஆறு மாதக் கர்ப்பம். சல்லடையில் பச்சையாக எதையோ அலசிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சல்லடையில் இருந்தது என் பட்டாணிக் கொழுந்து.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அவளுக்கு என் பேச்சுப் புரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பாட்டில் விஷயம் வெளியே வந்துவிடும் என்ற பயம். வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் கடுகெண்ணெய் காயும் வாசம் வந்தது. குடத்தை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, பிறகு ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். அவன் திறந்தான்.

"தம்பி, அந்தக் கீரையச் சாப்புடாதீங்க."

"கோபமா அக்கா? எங்க ஊர்ல இதைக் கிள்ளிச் சமைப்பாங்க. நீங்க யாரும் சாப்பிடறதில்ல, சும்மாதானே போகுதுன்னு இவ எடுத்தா."

"கோவமில்லீங்க. நேத்து அதுமேல மருந்தடிச்சுப் போட்டேன். கம்பெனியில கறை எடுக்கறது."

கம்பெனி ஆள் என்பதால் அவனுக்கு அது என்னவென்று தெரியும். திரும்பி இந்தியில் ஏதோ சொன்னான். அவள் கையில் பாதி ரொட்டி இருந்தது. தட்டில் கீரை கொஞ்சம்தான் மிச்சம். அவளுடைய இன்னொரு கை வயிற்றுக்குப் போனது.

பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்து உடனே மூடினார். எப்போது அடித்தது, கழுவினார்களா, எவ்வளவு சாப்பிட்டாள் என்று கேட்டார். எலிக்குப் பயந்து அடித்ததையும் சொன்னேன்.

"பாதிக்கு மேல ஆவியாப் போயிருக்கும். ஆனா பயமில்லைன்னு இப்பவே சொல்ல மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்தார். "எலிக்கு இதையா அடிப்பாங்க? படிச்சிருக்கீங்களா?"

"பத்தாவதுங்க."

அவர் பாட்டிலை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

குழந்தையின் துடிப்பைக் கேட்கத் திரைக்குப் பின்னால் அவள் வயிற்றில் கருவியை வைத்தார்கள். வெகுநேரம் இரைச்சல்தான் கேட்டது. நர்ஸ் இடம் மாற்றி மாற்றி வைத்தார். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டான். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். பிறகு குதிரை ஓடுவது போல டக் டக் என்று கேட்டது. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அசைவு குறைந்தால் உடனே வரவேண்டும் என்றார்கள்.

அன்றைக்கே கொடிகளைப் பிடுங்கினேன். பையில் இருந்த மண்ணையும் கொட்டினேன். திங்கட்கிழமை பாட்டில் எடுத்ததை சூப்பர்வைசரிடம் நானே சொன்னேன். அவர் திட்டியது எதுவும் என் காதில் ஏறவில்லை. என் காது எங்கள் இரு வீட்டுக்கும் நடுச்சுவரிலேயே இருந்தது. ராத்திரி அவள் இருமினால் எழுந்துவிடுவேன். இருமாவிட்டாலும் எழுந்துவிடுவேன். குழந்தை அசைகிறதா என்று கேட்க வாயும் வரவில்லை, பாஷையும் இல்லை. அவள் மாடிக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ குழாயடியில் இருவரும் தனியாக நின்றோம். நான் அவள் வயிற்றைப் பார்த்தேன், அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் ஈரக் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். ஒன்றுமில்லை. குடம் நிரம்பி வழிந்தது. அவள் என் கையைச் சற்றுக் கீழே நகர்த்தி அழுத்திப் பிடித்தாள்.

உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்தது. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள்.