தளபதிக்குப் பரிசாகப் போனவன்

ஐகியோன் ஊர்த் தோல் பட்டறையில் அவனைக் கரியோன் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவள் வைத்த பெயர் நுமேரியுஸ். கன்னே போரில் கார்த்தேஜ்காரர்களிடம் பிடிபட்டு, கிரேக்க நாட்டுக்கு விற்கப்பட்ட ரோமன். வந்தபோது மீசைகூட முளைக்கவில்லை. இப்போது நரை தட்டிவிட்டது. பட்டறையில் கூட வேலை செய்த திராசிய அடிமைப் பெண்ணோடு வாழ்ந்தான். அவள் காய்ச்சலில் போய்விட, வயசுக்கு வந்த மகள் மிக்காதான் மிச்சம். அடிமை பெற்ற பிள்ளை எஜமானின் சொத்தாம். நாசமாய்ப் போகிற சட்டம்!

எஜமானின் மகனுக்கு மிக்காமேல் ஒரு கண். தகப்பன் வாசலை மறித்துப் படுத்திருந்ததால்தான் இத்தனை நாள் அவள் தப்பினாள்.

அந்த வருஷம் மக்கெதோனிய ராஜாவை விரட்டிவிட்டு, கிரேக்கர் எல்லோருக்கும் விடுதலை என்று அறிவித்தார் ரோமத் தளபதி. அவருக்குக் கைம்மாறாக, நாட்டில் அடிமைகளாகக் கிடந்த ரோமர்களை மீட்டுக் கொடுப்பதென்று கிரேக்க ஊர்களின் சபை முடிவு செய்தது.

"நீ ரோமன்தானேடா? உன்னை வித்தவன் அப்படித்தான் சொன்னான்" என்றார் எஜமான் லூகிஸ்கோஸ்.

கரியோன் மகள் இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னான். "இல்லீங்க எஜமான். நான் இத்தாலியில தெற்கத்தி ஆளு. எங்க வீட்டுல கிரேக்கம்தான் பேசுவோம்."

நல்ல வேலைக்காரனை விட்டுக்கொடுக்க அவருக்கு மட்டும் மனசா வரும்? "அப்ப வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

ஆனாலும் ஊர் அடிமைகள் அத்தனை பேரையும் கோயில் முற்றத்தில் நிறுத்தினார்கள். யாருக்குப் புரிகிறதென்று கண்டுபிடிக்க, ரோமச் சிப்பாய்கள் தங்கள் மொழியில் திட்டிப் பார்த்தார்கள், சிரிக்க வைத்துப் பார்த்தார்கள். கரியோன் மரம்போல் நின்றான்.

பிறகு பூசாரி தளபதியின் நலனுக்காக வேண்டுதலைத் தொடங்கினார். இத்தனை காலமும் கிரேக்கரைப் போல வெறுந்தலையோடு ஒப்புக்கு முணுமுணுத்தவன்தான் கரியோன். அன்றைக்குப் பயத்தில் நிஜமாகவே கும்பிட்டான். 'சாமி, எம்மகளை விட்டு என்னைப் பிரிச்சிடாதே.' சிறுவயதில் அம்மா பழக்கிய கை, தானாகப் போய்ப் போர்வையை இழுத்துத் தலையை மூடியது. ரோமர்தான் அப்படித் தலையை மூடிக் கும்பிடுவார்கள். கிரேக்கன் எவனும் செய்யமாட்டான்.

"டேய், இவன் நம்மாளுடா!" ஒரு சிப்பாய் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

"ஐயா, எம்மக... அவளையும் விட்டுடுங்கய்யா!"

"அவ அம்மா ரோமச்சியா?" என்றார் ரோம அதிகாரி. "இல்லேல்ல? அப்புறமென்ன?"

விடுதலையானவர்களுக்குச் செய்கிற வழக்கப்படி அவன் தலையை மழித்து விடுதலைக் குல்லாயை மாட்டினார்கள். கூட்டம் ஆரவாரித்துக் கைதட்டியது. எஜமானின் மகன் மிக்காவின் தோளில் கையைப் போட்டான்.

"அப்பனுக்கு நல்ல காலம் பொறந்திருக்கு. நீயும் தட்டேண்டி."

அவள் தட்டினாள்.