கிணற்றுக்கல் அருவி

செய்யாற்றங்கரைக் கிராமமான பெருநகரில் எங்கள் கிணற்றை ஆழப்படுத்தி மோட்டார் வைத்த வருஷம், வெட்டியெடுத்த கருங்கல் எல்லாம் வீட்டுத் தோட்டத்தில் குவிந்து கிடந்தது. ஏரிக்கரைக்குக் கல் வேண்டுமென்று கேட்டார்களாம். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் வண்டி வரச் சொல்லிவிட்டார் என் வீட்டுக்காரர். நான் குறுக்கே நின்றேன். இந்தக் கல்லை அடுக்கி மோட்டார் தண்ணீரை அருவியாக விழவைக்கிறேன் என்றேன்.

“வயல்ல வேல கெடக்குது, ஒனக்கு அருவி கேக்குதா? வண்டி வர்ற வரைக்கும் வெளையாடு” என்றார்.

பிடிவாதத்தில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. சின்னக் கல்லைச் சுமந்தேன், பெரியதைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டினேன். ஆளுயரத்துக்கு அடுக்கி, இடுக்கில் சுண்ணாம்புக் காரை பூசினேன். மோட்டாரைப் போட்டால் தண்ணீர் விழவே இல்லை. கல்லோடு ஒட்டி வழிந்து, இடுக்கில் புகுந்து காணாமல் போனது. அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் சோறு வடிக்கும்போதுதான் பிடிபட்டது. விளிம்பு உடைந்த பானை அது. கஞ்சி பானையோடு வழிந்து அடுப்பங்கரையை நனைத்தது. விளிம்பு நீண்ட பானையென்றால் தள்ளி விழுந்திருக்கும். ஓடிப்போய், உச்சியில் ஒரு பலகைக்கல்லை ஒரு சாண் வெளியே நீட்டி, முன்பக்கம் சாய்த்து வைத்தேன். தண்ணீர் வெள்ளை வேட்டி விரித்தாற்போல் விழுந்தது. பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

“அழகாத்தான் கீது. ஆனா வண்டிக்காரனுக்கு வார்த்த குடுத்துட்டேனே” என்றார். அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை.

ஆடிப்பெருக்கு வந்தது. செய்யாற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கலந்த சோறும் மஞ்சளுமாக ஆற்றுக்குப் போன பெண்கள் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

“யக்கா, ஆத்துல வெறும் மணலுதான் கீது. ஒங்க அருவியில படைச்சிக்கினு போறோம்.”

அவர்தான் மோட்டாரைப் போட்டார். பெண்கள் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, விழுகிற தண்ணீருக்குச் சோறு படைத்து, புதுத் தாலிச்சரடு கட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் வண்டி வந்தது. “கங்கம்மா கீற கல்லுப்பா, தொடாத. வேற எடம் பாரு” என்றார் என் வீட்டுக்காரர்.

வண்டிக்காரர் அருவியை ஏற இறங்கப் பார்த்தார். “யாரு கட்னது?”

“நாங்கதான்” என்றார் என் வீட்டுக்காரர்.

ஈரக்கையோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். “நாங்க இல்லப்பா. நான்.”

என் வீட்டுக்காரர் வண்டிக்காரருக்குக் காட்ட மோட்டாரைப் போட்டார்.